கைக்கு மட்டும், வாய்க்கு அல்ல

என் அத்தை வீட்டில் எந்த டப்பாவும் உண்மை பேசாது. காபி டப்பாவைத் திறந்தால் தேய்ந்து சில்லாகிப்போன சோப்புத் துண்டுகள் இருக்கும். பிஸ்கட் டின்னுக்குள் காய்ந்த புதினா. வெளிநாட்டிலிருந்து நான் ஆசையாக வாங்கிப்போன சாக்லேட் பெட்டியில் பட்டன்கள். குளியலறை ஜன்னலில் நிற்கும் ஜூஸ் பாட்டிலில் வினிகரும் எலுமிச்சைத் தோலும் ஊறிக்கொண்டிருக்கும். தரை துடைப்பதும் குழாயின் உப்புக்கறையை எடுப்பதும் அதை வைத்துத்தான். "புதுசா வர்றவங்கதான் மாட்டுவாங்க. நான் எல்லாத்தையும் ஒரு தடவை குடிச்சுப் பார்த்தாச்சு" என்பார் மாமா. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

இதை எழுதலாமா என்று அத்தையிடம் போனில் மூன்று முறை கேட்டேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் பயம். "எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டாதே. நான் செஞ்ச தப்பையும் சேர்த்து எழுது" என்றாள்.

தப்புக்கு வருவதற்கு முன்னால் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை இருபது வருடமாக ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு பக்கம் படுக்கை விரிப்புகளை விழுங்கிச் சுற்றும் ராட்சத மெஷின்கள், மறுபக்கம் நீராவி இஸ்திரி. கறை படிந்ததை மட்டும் தனியே எடுத்து பிளீச்சிங் தண்ணீரில் கையால் கசக்க வேண்டும். கொடுக்கிற ரப்பர் கையுறை இரண்டாம் நாளே விரல் நுனியில் கிழியும். ஆறு மாதத்தில் உள்ளங்கை வெயிலில் கிடந்த களிமண் மாதிரி வெடித்துவிடும். சோறு பிசைய முடியாது, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிர்வாகம் மாதத்துக்கு ஒரு கிரீம் டியூப் கொடுக்கும். பதினாறு பேருக்கு ஒன்று.

அத்தை நிர்வாகத்தை நம்பி உட்காரவில்லை; கைக்குத் தானே களிம்பு செய்தாள். வீட்டில் வெயில் விழும் ஒரே ஜன்னல் சமையலறையில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டில் எண்ணெயில் சாமந்தி இதழையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் போட்டு மூன்று வாரம் வைப்பாள். பிறகு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, எண்ணெயில் தேன்மெழுகைப் போட்டு உருக்குவாள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள். ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு; உடைந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். அளவுகோல் அந்த விரல்தான். அடியில் தங்கும் இதழையும் தோலையும் எறிய மனம் வராது. அதையும் சேர்த்தே ஊற்றிவிடுவாள். கிடைத்த டப்பாவில் நிரப்பி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'டப்பா அக்கா'.

மருந்துக் கடையில் வேலை செய்யும் அவள் மகளுக்கு மட்டும் இதில் பாதி சம்மதம்தான். "வெடிப்புக்குச் சரிம்மா. சீழ் வெச்ச புண்ணுக்கு இதைத் தடவினா நானே உன் மேல கம்ப்ளெயின்ட் குடுப்பேன்" என்பாள்.

"தடவுன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? உங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப இஞ்சிச் சாறா குடுத்தேன்? ஆட்டோதானே பிடிச்சேன்?"

அது உண்மை. தனக்குத் தெரியாததில் அத்தை கை வைக்க மாட்டாள். தெரிந்ததை விட்டுக்கொடுக்கவும் மாட்டாள்.

இப்போது தப்பு. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, டப்பா எதுவும் காலியாக இல்லாததால், களிம்பை ஓர் ஆரஞ்சு ஜாம் பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போனாள். லேபிளைக் கிழிக்கவில்லை. ஊறவைத்துக் கிழிக்க ஒரு பாத்திரம் வெந்நீர் வீணாகுமே என்று விட்டுவிட்டாள். லேபிளில் ஆரஞ்சுப் பழம், உள்ளே ஆரஞ்சு நிறம், நடுவில் தோல் துண்டுகள், மூடியைத் திறந்தால் ஆரஞ்சு வாசனை. பாட்டிலைத் துணிப்பையில் போட்டு, கயிற்றை இரண்டு முடிச்சு போட்டு, ஹோட்டலின் ஊழியர் சாப்பாட்டு அறை ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள்.

அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. இடைவேளை முடிந்ததும் விசில் ஊதுவதால் அவருக்குப் பெயர் 'விசில்'. அடுத்தவர் சாப்பாட்டை ருசி பார்ப்பது அவருக்குப் பழக்கம். ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட், யாராவது வைத்திருக்கும் முட்டையில் பாதி. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. லீவு எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

அன்று இரண்டு ரொட்டித் துண்டில் தாராளமாகத் தடவி, போனில் யாரையோ திட்டிக்கொண்டே நின்றபடி விழுங்கியிருக்கிறார். ஒன்றரைத் துண்டு உள்ளே போன பிறகுதான் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மாலை வரை கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. அன்று இடைவேளை முடிந்தும் விசில் சத்தம் கேட்கவில்லை என்று இஸ்திரி மேசையில் வேலை செய்யும் பெண்மணி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை நிர்வாகத்திடமிருந்து அத்தையின் கைக்கு ஒரு காகிதம் வந்தது. 'உணவுப் பொருள் போலத் தோன்றும் அபாயகரமான பொருளைப் பணியிடத்தில் வைத்து, சக ஊழியரின் உடல்நலம் கெடக் காரணமாக இருந்தேன். இனி வீட்டில் தயாரித்த எந்தப் பொருளையும் கொண்டு வர மாட்டேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு. சனிக்கிழமைக்குள் போடாவிட்டால் திங்கள் முதல் வர வேண்டாம்.

வீட்டில் மூவரும் அந்தக் காகிதத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"போட்டுட்டு வாயேன். ஒரு கையெழுத்து. அதுக்கு அப்புறம் ரகசியமா கொண்டு போ" என்றார் மாமா.

"நான் என்ன கஞ்சாவா விக்கிறேன், ரகசியமா கொண்டு போக?"

"பத்தொன்பது வருஷம், யோசி. இந்த வயசுல வேற எங்க போய் நிப்ப?"

மகள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா லேபிளோட கொண்டு போனது உன் தப்புதானேம்மா?"

அத்தை அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். பிறகு, "ஆமா. அது என் தப்பு. அதை ஒரு குழந்தை தின்னிருந்தா?" என்றாள். காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "என் தப்பை நான் எழுதித் தர்றேன். அந்தாளு தப்புக்கும் நான் ஏன் கையெழுத்து போடணும்?" என்றாள். மாமா எழுந்து போய் அவளுடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தார்.

சனிக்கிழமை மேனேஜர் அம்மாவின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் விசில். சுவரோரம் சாட்சிக்காக இஸ்திரி மேசைப் பெண்மணி. அவளுக்கு வியர்த்து ஊற்றியது; அடுத்த வாரம் தன் மகளின் பிரசவத்துக்கு லீவு கேட்டிருந்தாள்.

"படிச்சுட்டீங்களா? போடுங்க" என்று பேனாவை நீட்டினார் மேனேஜர்.

"படிச்சேன் மேடம். ஒரு வரி விட்டுப்போச்சு."

"எந்த வரி?"

"பாட்டில் என் பையில இருந்துச்சு. பை ஆணியில தொங்குச்சு. கயித்துல ரெண்டு முடிச்சு. அங்கேருந்து சார் வாய்க்கு அது எப்படிப் போச்சுன்னு இதுல இல்லையே? அந்த ஒரு வரியைச் சேருங்க, கீழ கையெழுத்து போடுறேன்."

விசில் சிரிக்கப் பார்த்தார். "ஏம்மா, அது மேசை மேலதான் இருந்துச்சு."

"அப்ப மேசை மேல இருந்துச்சுன்னு உங்க கையால எழுதுங்க சார். உங்க கையெழுத்துக்குக் கீழ என்னோடது."

மேனேஜர் சுவரோரம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா?"

அத்தை குறுக்கிட்டாள். "அவங்களைக் கேக்காதீங்க மேடம். அவங்களுக்கு லீவு வேணும். தின்னவருக்கே தெரியுமே, அவரையே கேளுங்க."

இஸ்திரி மேசைப் பெண்மணி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தனக்காக இன்னொருத்தி கவசம் பிடித்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "லீவு கிடக்குது. முடிச்சை இவர்தான் பல்லால அவுத்தார். நான் கண்ணால பார்த்தேன். போன மாசம் என் முட்டையும் இப்படித்தான் போச்சு" என்றாள், மூச்சு விடாமல்.

மேனேஜர் காகிதத்தை விசில் பக்கம் நகர்த்தினார். பேனாவையும். "எழுதுங்க. மேசையா, பையா?"

விசில் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மூடினார். "சின்ன விஷயம் மேடம். வயிறு இப்ப நல்லாத்தான் இருக்கு."

அத்தை தன் பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எழுதி, மகளிடம் எழுத்துப் பிழை திருத்தி வாங்கியது. 'ஜாம் லேபிளைக் கிழிக்காமல் களிம்பைக் கொண்டு வந்தது என் தவறு. இனி ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருப்பது என்ன, எதற்கு ஆகாது என்று எழுதி ஒட்டுவேன். கொண்டு வருவதை நிறுத்த மாட்டேன்.' கீழே கையெழுத்து, தேதி.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "கடைசி வரி வேணுமா?" என்றார்.

"அதுக்காகத்தான் மேடம் மேல இருக்கிற ரெண்டு வரியும் எழுதினேன்." அத்தை இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தாள். "பத்தொன்பது வருஷம் பிளீச்சிங்ல கிடந்த கை. பாருங்க, ஒரு வெடிப்பு இருக்கா? நீங்க குடுக்கிற ஒரு கிரீம் டியூபை நம்பியிருந்தா இந்தக் கை இந்தப் பேனாவைப் பிடிச்சிருக்காது."

மேனேஜர் கைகளைப் பார்த்தார். அந்த முதல் காகிதத்தைக் கிழிக்கவில்லை. கையெழுத்து இல்லாமல் அப்படியே மடித்து இழுப்பறையில் போட்டார். இரண்டாவதை ஃபைலில் வைத்தார். "சாப்பாட்டு அறையில வேண்டாம். மெஷின் பக்கம் வெச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை அத்தை வழக்கம்போல வேலைக்குப் போனாள். இஸ்திரி மேசைக்காரியின் லீவுச் சீட்டில் மேனேஜரே கையெழுத்து போட்டிருந்தார்.

டப்பாக்களில் எல்லாம் இப்போது லேபிள். எழுத்து மகளுடையது, வாசகம் அத்தையுடையது: 'கைக்கு மட்டும், வாய்க்கு அல்ல. தீக்காயத்துக்கு ஆகாது. சீழ் இருந்தால் டாக்டரைப் பார்.' எனக்கும் ஒன்று தபாலில் வந்தது. என் டப்பாவில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'கவலைக்கும் ஆகாது.'

அத்தையின் வீம்பு அதோடு அடங்கவில்லை. அடுத்த வாரம், சேர்ந்துபோன ஆரஞ்சுத் தோலையெல்லாம் சர்க்கரையில் காய்ச்சி நிஜமான ஜாம் செய்தாள். அதே பாட்டிலில்தான் ஊற்றினாள். சாப்பாட்டு அறையில், பையில் போடாமல், மேசையின் நட்டநடுவில் வைத்தாள். அதன் மேல் ஒரு சீட்டு: 'இது ஜாம். கேட்டு எடுத்துக்கொள்ளவும்.'

மற்றவர்கள் கேட்டு எடுத்தார்கள். விசில் எட்டு நாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதாம் நாள் கையில் ரொட்டியோடு வந்து நின்றார்; தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இது... கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து 'அக்கா' என்று வந்தது. அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு முதல்ல சத்தமா படிங்க சார்" என்றாள்.

அவர் படித்தார்.