ஒற்றனின் டோப்பா

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் நாடக விழாவில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. காரணம், ஒரு டோப்பா!

முதலில் கோவிந்தனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்மாபுரத்துக்காரர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. எங்கள் நாடக மன்றத்தில் மூன்று வருஷமாக அவருக்கு ஒரே வேஷம்தான் - தட்டில் காபி கொண்டுவரும் வேலைக்காரன். இந்த வருஷம் துப்பறியும் நாடகம். ஹீரோ ஓர் ஒற்றன். சண்டை போட்டு அந்த வேஷத்தை வாங்கிவிட்டார். "சொதப்பினீங்கன்னா அடுத்த வருஷம் மறுபடியும் காபித் தட்டுதான்" என்று மன்றச் செயலாளர் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சிக்கல் என்ன தெரியுமா? முப்பது வயதிலேயே கோவிந்தனுக்குப் பளபளவென்று வழுக்கை.

நான்தான் தைரியம் சொன்னேன். இங்கிலீஷ் படத்தில் ஒற்றனாக நடித்து இப்போது ஊரையே கலக்குகிறாரே ஒரு ஸ்காட்லாந்து நடிகர்... அவர் ஏழை வீட்டுப் பிள்ளை. கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்தவர். மேடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஊர்ப் பேச்சின் வாடையையும் விடாமல், ஹீரோவாக உயர்ந்தவர். படத்தில் அவர் தலையில் இருப்பதும் டோப்பாதான் என்று பத்திரிகையில் படித்திருந்தேன்.

"நெசமாவா சார்? கூலி வேல செஞ்சிகினு இருந்த ஆளா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நமக்கு இன்னாங்க கொறச்சல்!"

அன்றோடு அவர் நடையே மாறிவிட்டது. அந்த நடிகரின் படத்தை நான்கு முறை பார்த்தார். பெல்ட் பக்கத்தில் நின்று ஒற்றைப் புருவத்தை உயர்த்திப் பழகுகிறார் என்று கேள்வி.

தலையில் டோப்பாவோடு கோவிந்தன் மேடையேறினார், நாடகம் ஜோராகப் போனது. கடைசிக் காட்சியில் ஒற்றன் வில்லனை மடக்க வேண்டும். வில்லனாக நடித்தவர் யார்? கோவிந்தனின் செக்‌ஷன் இஞ்சினியர்! மைன்ஸில் இஞ்சினியர் வந்தால் ஹெல்மெட்டைத் தூக்கி வணக்கம் வைப்பது இவர்கள் வழக்கம். சேஃப்டிக்காரர்கள் எவ்வளவு திட்டினாலும் விட மாட்டார்கள்.

வில்லன் மேடைக்குள் வந்தார். கோவிந்தனின் கை... தானாகத் தலைக்குப் போனது. டோப்பா கையோடு வந்துவிட்டது!

பந்தலே சிரித்தது. செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது - ஆசை காட்டிவிட்டவன் நானல்லவா?

கோவிந்தன் ஒரு நொடி டோப்பாவைப் பார்த்தார். அப்புறம் அதை வீசி எறிந்தார். புருவத்தை உயர்த்தினார். துப்பாக்கியை நீட்டினார்.

"டேய்! இத்தினி நாளா உன்ன ஏமாத்திகினு இருந்தது இந்த முடிதான்டா. என் நெச மூஞ்சிய நல்லா பாத்துக்க. தூக்குடா கைய!"

இஞ்சினியர் நிஜமாகவே பதறிக் கையைத் தூக்கினார். கைதட்டல்... அப்படியொரு கைதட்டல்! அடுத்த வருஷமும் கோவிந்தன்தான் ஹீரோ என்று செயலாளர் மேடையிலேயே அறிவித்துவிட்டார்.

தப்பே செய்யாதவனா ஹீரோ? செய்த தப்பை வசனமாக மாற்றத் தெரிந்தவன்தான் ஹீரோ என்பேன் நான்.

மறுநாள் நடந்ததைக் கோவிந்தனே வந்து சொன்னார். காலை ஷிஃப்டில் இஞ்சினியர் ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார். பழக்கதோஷம்... இவர் கை ஹெல்மெட்டுக்குப் போயிருக்கிறது. இஞ்சினியர் பதறிவிட்டாராம்.

"ஐயோ, வேணாம்ப்பா! நீ தலையில கை வெச்சாலே என் கை தானா மேல போகுது!"