ஆவடியில் சரிந்த மலை

ஆவடியில் ஏரி உண்டு. மழைக்கு எங்கள் தெருவும் ஏரிதான். மலை மட்டும் கிடையாது. அந்தக் குறையைப் பக்கத்து மனைக்காரர் தீர்த்துவைத்தார். அடித்தளத்துக்குத் தோண்டிய மண்ணை எங்கள் குடியிருப்பின் பின்சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, மாடி உயரத்துக்குக் குவித்தார். அதில் புல் முளைத்தது, எருமை ஏறியது. சாயங்காலங்களில் நானும் ஏறி உலகத்தைப் பார்த்தேன். உலகம் என்றால் எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிகள்.

கீழ்த்தளத்துக் கோத்தகிரிக்காரப் பெண்ணுக்கு அது சமையலறை ஜன்னலிலேயே தெரிந்தது. மண்சரிவுக்குப் பயந்தே சமவெளியில் கம்ப்யூட்டர் வேலை தேடி வந்தவர்.

பெருமழை எச்சரிக்கை வந்தால் எங்கள் பக்கத்தில் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவது வழக்கம். இந்த முறை பாலமெல்லாம் நிரம்பிவிட்டது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கையைத் தட்டினார்.

"நம்மாண்ட சொந்தமா மலையே கீதுபா!"

பொக்லைன் வந்து, எங்கள் பக்கத்து அடிவாரத்தை வெட்டிப் பாதை போட்டது. கார்களும் என் ஸ்கூட்டரும் சிகரம் தொட்டன.

ராத்திரி முழுக்க மழை. காலையில் கோத்தகிரிக்காரர் குடையோடு ஏறிப் பார்த்தார். உச்சியில் விரல் நுழையும் வெடிப்பு.

"அடியை வெட்டிட்டீங்க. தலையில பாரம் ஏத்திட்டீங்க. வெடிப்புல தண்ணி இறங்கிட்டே இருக்கு. ஊறிக் கனத்த மண்ணு எதைப் பிடிச்சுட்டு நிக்கும்? நேரா என் அடுப்படிக்குத்தான் வரும். வண்டிங்களை இறக்குங்க சார்."

"இன்னா மேடம், ஆவடில மலை சரியுமா? வெளில சொன்னா சிரிப்பானுங்க," என்றார் செயலாளர்.

"அதைக் கேக்க நாம இருக்கணுமே."

என் ஸ்கூட்டர் இறங்கியதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். வெடிப்பை மூடத் தார்ப்பாய் கிடைக்கவில்லை. பழைய கல்யாண ஃப்ளெக்ஸ்தான் கிடைத்தது. மணமக்கள் கைகூப்பியபடி மழையில் படுத்தார்கள். தண்ணீர் ஓரமாய் ஓட நானும் அந்தப் பெண்ணும் மண்வெட்டியால் வாய்க்கால் கீறினோம். செயலாளரின் கார் மட்டும் கொள்கையோடு மேலேயே நின்றது.

மத்தியானம் குன்று பெருமூச்சு விட்டது. வெட்டிய பக்கம் மட்டும் வழுக்கி இறங்கியது. அவசரமே இல்லை. மணமக்களை முன்னால் விட்டு, காரைப் பின்னால் அழைத்துக்கொண்டு வந்தது. கார் சமையலறை ஜன்னல் கம்பியில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. சுவரும் நின்றது.

செயலாளர் ஓடிவந்தார். "மேடம், ஒண்ணும் ஆவலியே? அப்டியே ஜன்னலாண்ட கைய வுட்டு சைடு கண்ணாடிய மடக்கி வுடுங்க, ஒடஞ்சிரும்!"

மடக்கிவிட்டார். வெள்ளம் வரவேயில்லை, தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை.

மழை விட்டதும் செயலாளர் மறுபடி பொக்லைனுக்குப் போன் போட்டார், அடியிலிருந்து அள்ளிக் காரை மீட்க. கோத்தகிரிக்காரர் கையில் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார்.

"அடியில ஒரு கூடை எடுத்தாலும் மிச்சமும் வந்துரும். மேலிருந்துதான் குறைக்கணும். கையால."

குன்றின் தலையில் குடியிருப்பே வரிசையாக நின்றது, அன்னக்கூடையும் பிளாஸ்டிக் வாளியுமாக. முதல் ஆள் செயலாளர். கீழே ஜன்னலில், காருக்கு மேலாக ஒரு கரண்டி ஆடியது.

"சார், அந்தாண்ட கொட்டுங்க! அந்தாண்ட!"

எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு வந்தது அன்றைக்குத்தான்.