அக்கா படலை கட்டும் நேரம்

எங்கள் அக்கா போய் ஓராண்டாகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வரும் உறவுகளுக்கும் ஊரவர்களுக்கும் தங்கை நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அழாமல் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பக்கத்து வளவு வசந்தி மச்சாளுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அக்கா போன நாளுக்குப் பிறகு அவர் அக்காவின் வீட்டு வளவுக்குள் காலடி வைக்கவில்லை. அவரைத் திரும்ப உள்ளே அழைப்பதற்காகவும்தான் இந்தக் கட்டுரை.

அக்கா ஜெயபுரத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா வயலுக்குப் போனதும் எனக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணீர் வரும். கனகராயன்குளத்தில் வாழ்க்கைப்பட்டார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் கைக்குழந்தையோடு இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனார். அங்கே பசியைவிட அவரை வாட்டியது வேறொன்று. கூடாரத்தோடு கூடாரம் ஒட்டி நிற்கும். அழுவதற்குக்கூடத் தனியே ஓரிடம் கிடையாது.

அதனால்தான் மீளக்குடியேறி வீட்டுத்திட்டம் கிடைத்தபோது, வீட்டுக்குக் கதவு போட முன்னர் வளவின் தெருவாசலுக்குப் படலை போட வைத்தார்.

"கதவில்லாத வீட்டுக்குப் படலை என்னத்துக்கு?" என்று அத்தான் பகிடி பண்ணினார்.

"உங்களுக்கு விளங்காது. நீங்கள் விடிஞ்சா வயலுக்குப் போயிடுவியள்" என்றார் அக்கா.

அத்தானின் தாயார் அப்போதே படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகள், மாடுகள், அவிக்க வேண்டிய நெல். ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நான் அங்கு நின்ற ஒரு காலையில், ஊட்டிய கஞ்சியைத் தாயார் தட்டிவிட்டார், பால் பொங்கி அடுப்பை அணைத்தது, சின்னவன் சப்பாத்தைக் காணவில்லை என்று கத்தினான், மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்படி கூப்பிட இருவர் வந்து நின்றார்கள். அக்கா தாயாரைத் துடைத்துப் படுக்க வைத்தார், பிள்ளைகளை அனுப்பினார், வந்தவர்களையும் அனுப்பினார். பிறகு படலையைச் சாத்தி, பழைய சிவப்புச் சீலைத்துண்டால் கட்டிவிட்டு, கிணற்றடியில் கதிரையைப் போட்டுத் தேநீரோடு உட்கார்ந்தார். ஒன்றுமே செய்யவில்லை.

எங்கள் பக்கம், ஆள் இருக்கிற வீட்டில் பகலில் படலை கட்டினால் ஏதோ கோபம் அல்லது கெட்ட செய்தி என்றுதான் எடுப்பார்கள். வசந்தி மச்சாள் பதறி ஓடி வந்தார்.

"என்ன மச்சாள், ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எனக்குத்தான் மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் நான் இந்த வீட்டில இல்லை எண்டு நினையுங்கோ."

மச்சாள் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சீலைத்துண்டுக்குக் காவல் அவர்தான். அக்கா உள்ளே இருப்பதைத் தெருவே அறிந்திருந்தாலும், "அவா இப்ப இல்லை, பிறகு வாங்கோ" என்று வருபவர்களைத் திருப்பிவிடுவார். படலையை அவிழ்த்த பிறகு அக்கா வேறு ஆள். தாயாருக்குச் சோறூட்டும்போது கையில் அவசரம் இருக்காது. அவர் கண்மூடும் வரை அக்கா அவரைக் கடிந்து பேசியதில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

போன அறுவடைக் காலத்தில் ஒரு காலை, அத்தான் வயலிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்தபோது அக்கா படலையைக் கட்டினார். மச்சாள் மீன்கறி கொண்டு வந்து, துண்டைப் பார்த்துத் திரும்பினார். மீன்காரரையும் திருப்பிவிட்டார். மத்தியானம் அத்தான் வந்து அவிழ்த்தபோது அக்கா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். உயிர் இல்லை. இருதயம் என்றார்கள். உடனே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டோம். வைத்தியரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை.

மரணச்சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், எட்டாம் நாள் சடங்கு வரை எங்கள் வீட்டுக்குச் சமைத்துத் தந்தவர்களுக்கும், அத்தான் எழும்ப முடியாமல் கிடந்தபோது வயலை வெட்டி நெல்லை வீட்டில் சேர்த்தவர்களுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள்.

மச்சாள், இனி உங்களோடு. போன மாதம் அக்காவின் மூத்த மகள், பரீட்சையும் சமையலும் தம்பிமாரும் சேர்ந்து தலைக்கு மேலே போக, முதற்தடவையாகப் படலையைக் கட்டினாள். நீங்கள் தெருவில் நின்று அவளின் பெயரைச் சொல்லிக் கத்தினீர்களாம்.

"இருக்கிறன் வசந்தி மாமி! தேத்தண்ணி குடிக்கிறன்" என்றாளாம் அவள்.

நீங்கள் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுததை அவள் எனக்குச் சொன்னாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் கட்டிய படலைக்கு வெளியே நின்று ஒருதரம் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் போவார்கள்.

அக்கா தனக்கென்று உங்களிடம் கேட்டது அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும்தான். நாங்கள் எல்லோரும் அவரிடம் எடுத்துக்கொண்டே இருந்தோம், நீங்கள் ஒருவர்தான் கொடுத்தீர்கள். கடைசி நாளிலும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மலரை நான் மூட முடியாது.

மற்றவர்களின் கைக்கு இது திவசத்தன்று வரும், உங்களுக்கு முதல்நாளே அனுப்புகிறேன். அக்காவுக்குப் படைக்கும் சோற்றை நீங்கள்தான் சமைக்க வேண்டும். அத்தானும் பிள்ளைகளும் நானும் பேசி முடிவெடுத்துவிட்டோம். நீங்கள் வரும்வரை உலை வைக்க மாட்டோம்.