கேமராவுக்குள் மஞ்சள் அரிசி

கல்யாணத்தில் கடைசிப் பந்தியில்கூட இடம் கிடைக்காத ஒரே ஆள் போட்டோக்காரர்தான். என்னைப்போல் பை சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நான் கல்யாணப் படம் எடுத்தேன். பெண்பிள்ளை என்பதால் மணப்பெண் சேலை கட்டும் அறைவரை என்னை விட்டார்கள். என்னிடம் பழைய கேமரா ஒன்று, லென்ஸ் மூன்று. லென்ஸ்களுக்கு அகலக்கண், நடுக்கண், தூரக்கண் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த மூன்று கண்களுக்கும் புது உடம்பு தேடி அலைந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

வாய் திறந்த நேரம்

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக் கல்யாணம். மூத்த மகள் சரோஜா மணப்பெண். தூரக்கண்ணைப் போட்டு அவள் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டும்போது கூட்டமும் சேர்ந்து படத்தில் விழட்டும் என்று அகலக்கண்ணுக்கு மாறப் போனேன். ஒன்றைத் திருகிக் கழற்றியாகிவிட்டது, இன்னொன்றை மாட்டவில்லை. கேமரா வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கெட்டி மேளம்!

தோட்டத்து ஜனங்கள் அட்சதை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தூவ மாட்டார்கள், வீசுவார்கள். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தன் அரிசி மாப்பிள்ளை தலையில் விழுந்தாக வேண்டும். நடுவில் நான். அவசரமாக லென்சைத் திருகி மாட்டிப் பிலிமை நகர்த்தினேன். நகரவில்லை. பலம் கொடுத்து இழுத்தேன். உள்ளே 'கறக்' என்றது. லென்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் அரிசி.

தாலி ஏறிவிட்டது, படம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரோஜாவின் அம்மா பாக்கியம் அக்கா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நின்றேன். அவர் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். "அரிசி போட்டது நாங்கதானே, ஒன்ன என்னா சொல்றது? தை மாசம் சின்னவ விமலாவுக்கு வச்சிருக்கோம். அதுக்காச்சும் நல்ல கேமராவோட வந்து நில்லு தங்கச்சி."

கிள்ளான் வைத்தியர்

கிள்ளானில் கேமரா பழுது பார்க்கும் சீனர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இடுக்கியால் ஒவ்வொரு அரிசியாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். இது எதற்கு என்று மலாயில் கேட்டார். வாழ்த்துவதற்கு என்றேன். என்னையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் முரட்டுத்தனமாக இழுத்ததில் உள்ளே திரை கிழிந்து, பல்சக்கரமும் முறிந்திருந்தது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு இனிச் சாமான் வராதாம். லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடம்பு செத்துவிட்டது, கண் இன்னும் நன்றாக இருக்கிறது என்பதை அவர் பாணியில் சொன்னார்: "பாடி சுடா மாத்தி. மாத்தா மாசி பாகுஸ்."

பொருத்தம்

கோலாலம்பூர்க் கடையில் நம் தமிழ்ப் பையன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து புதுக் கேமராக்களை வரிசையாக வைத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் லென்ஸ்கள் போத்தல் மூடி மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி மாட்டுகிறவை. புதுசுகளிலோ வைத்து ஒரு திருப்பு, 'டிக்', முடிந்தது. எதிலும் என் கண்கள் உட்காரவில்லை. "பழச எல்லாத்தையும் குடுத்துட்டு ட்ரேட்-இன் பண்ணிடுங்கக்கா" என்றான். சரோஜாவின் முகத்தைப் பார்த்த தூரக்கண்ணையா? முடியாது என்றேன்.

பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பக்கம் திருகும், மறுபக்கம் 'டிக்'கும் உள்ள வளையம் யாராவது செய்திருக்க மாட்டார்களா? பையன் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை. ஒவ்வொரு வளையமாக ஒவ்வொரு கேமராவில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. பையன் பெருமூச்சு விட்டான்: "மூணு பொண்ணுக்கும் சேத்து ஒரே மாப்பிள்ள தேடுறீங்களேக்கா, கஷ்டம் லா!"

குரங்கு ஒத்திகை

வளையத்தால் ஒரு தொல்லை. லென்சில் வெளிச்சம் புகும் துவாரம் தானாகச் சுருங்காது. திறந்து வைத்துக் குறி பார்க்க வேண்டும், பிறகு கையால் சுருக்க வேண்டும், உடனே பார்வை இருண்டுவிடும், அந்த இருட்டில் அமுக்க வேண்டும். பழகுவதற்குக் கோல சிலாங்கூர் மலைமேல் இருக்கும் குரங்குகளிடம் போனேன். படம் சரியில்லை என்று எந்தக் குரங்கும் வீட்டுக்கு வந்து சண்டை போடாது.

திறந்தேன், சுருக்கினேன், அமுக்கினேன். குரங்கு இருந்த இடத்தில் வெறும் கிளைதான் படத்தில் விழுந்தது. கச்சான் கடலை விற்கிற அக்கா ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: "கொரங்கே அலுத்துப்போயி ஏறிருச்சு, நீ இன்னும் என்னாத்த திருகிக்கிட்டு இருக்க?"

பளிச்

தை மாசம் வந்தது. இதையும் கோட்டைவிட்டால் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எந்தப் பந்தலிலும் கால் வைக்க முடியாது. பாக்கியம் அக்கா முன்னெச்சரிக்கையாகக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "தங்கச்சி பிளாஷ் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கையத் தொறக்கக் கூடாது!" எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். எனக்குப் புதுக் கேமராமேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. பிளாஷ் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

பளிச்!

அவ்வளவுதான், மொத்தப் பந்தலும் வீசியது. அரிசியைப் பார்த்து மேளக்காரரும் கொட்டினார். பூசாரி பாதி மந்திரத்தில் வாயைப் பிளந்தார். மாப்பிள்ளையின் அத்தை முகம் கறுத்து, "தாலி ஏறல, அதுக்குள்ள அட்சதையா?" என்றார். நல்லவேளை, பூசாரி சுதாரித்தார்: "பூமாதேவி மொதல்ல வாங்கிக்கிட்டா. நீ கட்டுப்பா!"

மாப்பிள்ளை கட்டினார். யார் கையிலும் அரிசி இல்லை, குறுக்கே ஒரு கை இல்லை. திறந்தேன், சுருக்கினேன், அமுக்கினேன். என் தொழிலில் அத்தனை துப்புரவான தாலிப் படம் அதற்குமுன் நான் எடுத்ததில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் சரோஜா புருஷனோடு வந்தாள். "எங்களுக்கும் ஒன்னு எடுங்கக்கா" என்றாள். மணவறை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்று, கட்டியிருந்த தாலியையே மறுபடி கட்டுவதுபோல் பிடித்தார். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாக்கியம் அக்கா பாயில் கிடந்த அரிசியைப் பொறுக்கி, கையை இறுக மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அமுக்கினேன். அக்காவின் கை திறக்கவில்லை. "எடுத்துட்டியா? நெசமா எடுத்துட்டியா? அப்ப போடட்டுமா?"

இன்றும் லென்ஸ் மாற்ற என் கை போனால், கண் முதலில் போவது எதிரில் நிற்பவர்களின் மூடிய கைகளுக்குத்தான்.