எஞ்சின் நிற்க வேண்டிய பக்கம்

மறைந்த என் கணவர் ரயில்வே கார்டாக இருந்த கல்குவாரி கூட்ஸ் பாதையை, கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டில் அப்படியே உருவாக்கியிருக்கிறேன். மொத்தம் ஆறு கிலோமீட்டர். இப்படிப் பாதைகளைச் செய்து இணையத்தில் போடும் எங்கள் குழு அதை இன்று வெளியிடுவதாக இருந்தது. காலையில் நிறுத்திவிட்டார்கள்.

பாதையைச் சோதிப்பவர் துபாயில் வேலை பார்க்கும் ஆவுடையார்கோவில்காரர். போனில் கூப்பிட்டார்.

"அம்மா, எஞ்சின் பின்னாடி நின்னு வேகனைத் தள்ளிக்கிட்டுப் போகுது. முன்னாடி மாத்திக் கொடுங்க. பாக்குறவுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் தம்பி. குவாரி மேட்டுல இருக்கு. எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கந்தான் நிக்கணும்."

"அப்படி யாரும்மா சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு. அந்த வண்டியிலயே இருந்தவரு."

"இப்படியே வெளியிட முடியாதும்மா."

"அப்ப வெளியிட வேணாம். அவரு போய் வந்த பாதையத் தப்பா ஓட்டிக் காட்ட எனக்கு மனசில்ல. நீங்க எஞ்சினை முன்னாடி மாட்டி, பாதி மேட்டுல வேகனை இழுக்குற கொக்கியக் கழட்டிப் பாருங்க."

அரை மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எல்லா வேகனும் பின்னாடி ஓடி, ஸ்டேஷனையும் தாண்டிப் போயிருச்சும்மா."

"எஞ்சின் பள்ளத்துல இருந்தா?"

"வேகனெல்லாம் எஞ்சின் மேல சாஞ்சு நின்னுக்கிருதுங்க."

மாலையில் பாதை வெளியாகிவிட்டது. எஞ்சின் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பாதையின் குறிப்புக்குக் கீழே அந்தத் துபாய் தம்பியே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எஞ்சினை இடம் மாற்ற வேண்டாம். நான் மாற்றிப் பார்த்துவிட்டேன்."

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எஞ்சினை மாற்றிப் பார்த்து, ஓடிப்போன வேகன்களைத் தேடிப் பிடித்த பிறகு கேட்டால் நல்லது.