விறாந்தை அலுமாரி

தீவுப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சிவகுரு என்ற கிளாக்கர் இருந்தார். கடவுள் அவருக்கு இரண்டு பிள்ளைகளையும் ஒரு யோசனையையும் கொடுத்திருந்தார். யோசனைதான் செல்லம்.

எண்பத்தாறில் கடதாசி வரத்து குறைந்தது. காணி, பங்கீட்டுக் கூப்பன், அடையாள அட்டை என்று மூன்று பகுதிகள். ஒரே ஆளின் பத்திரத்தை மூன்றும் தனித்தனியே பிரதி செய்து வைத்தன. மூலம் ஒன்று போதும் என்றார் சிவகுரு. அதை விறாந்தை அலுமாரியில் வைப்பது. பகுதிகளின் கோப்பில் தட்டு இலக்கம் எழுதிய துண்டு மட்டும் இருப்பது. திருத்தம் வந்தால் அந்தப் பகுதி, மாறிய பக்கத்தை மட்டும் எழுதித் தன் துண்டோடு குத்திக்கொள்ள வேண்டும். மூலத்தில் கை வைக்கக் கூடாது. மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது, மூன்று பிரதிகளில்.

தொண்ணூறு ஆவணியில் ஷெல் விழ, கந்தோர் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. பகுதிக்கு ஒரு உழவு இயந்திரம். ஒவ்வொரு பகுதியும் தன் கோப்புகளை ஒன்றும் குறையாமல் ஏற்றியது. விறாந்தை அலுமாரி எவருடைய பட்டியலிலும் இல்லை. சிவகுரு அன்று தன் குடும்பத்தை வள்ளம் ஏற்றப் போயிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து இறுப்பிட்டி ஊர் அன்னப்பிள்ளை வந்தார். மகன் பாலசிங்கத்தை, வேறு யாரோ என்று நினைத்துக் கொழும்பில் படையினர் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் படமும் பெயரும் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் கையெழுத்தும் சேர்ந்த கடதாசி உலகத்தில் ஒன்றுதான். பதினைந்தாம் திகதி நீதிமன்றத்தில் விளக்கம்.

“இருக்கு, அக்கா,” என்று காணிப் பகுதி குலசிங்கம் கோப்பைத் திறந்தார். துண்டு. கூப்பன் பகுதியிலும் துண்டு. அடையாள அட்டைப் பகுதியில் துண்டோடு, திருத்திய விலாசம் ஒரு பக்கம்.

“மூண்டு இடத்திலையும் இருக்கெண்டுறியள். பிள்ளையின்ரை படம் எங்கை?”

“அலுமாரியிலை.” குலசிங்கம் திரும்பினார். “அது உம்மடை அலுமாரியெல்லோ, சிவகுரு?”

“என்ரை இல்லை. எல்லாருக்கும் பொது எண்டுதானே வைச்சனான்.”

“பொதுவெண்டால் ஆர் காணும் ஏத்திறது?”

அன்னப்பிள்ளை சிவகுருவைப் பார்த்தார். “இன்னொண்டு எழுதி வைச்சிருக்கேலாதோ, தம்பி? ஒரு கடதாசிதானே.”

தீவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. சிவகுரு நினைவிலிருந்து எழுதினார்: இடது புருவத்தில் தழும்பு, விதானையார் பச்சை மையில் கையெழுத்திட்டார், நான் கண்ணால் கண்டேன். பாலசிங்கத்துக்காக வழக்குப் பேசும் அப்புக்காத்து அதைத் திருப்பி அனுப்பினார்: மூலத்தை இணைக்கவும்.

பதினைந்தாம் திகதி போனது. பாலசிங்கத்தை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று எவரும் சொல்லவில்லை.

அன்னப்பிள்ளை இன்னும் திங்கட்கிழமைகளில் வருகிறார். ஒன்றும் கேட்பதில்லை, வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலை தெரிந்ததும் சிவகுரு பின்வாசலால் வெளியேறிவிடுகிறார்.