மாசி மகத்தன்று காலியாக இருந்த நிலம்

குடியிருந்தவர்களைக் குடியில்லை என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன்! அந்த ஒரு பேச்சால் சில இருளர் குடும்பங்கள் இருந்த இடத்தை இழந்தன. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலே படிப்பதும் எழுந்து போவதும் உங்கள் விருப்பம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுக்கு அமெரிக்க வரலாறு என் பொறுப்பு. அதிலும் மேற்கு நோக்கிய விரிவாக்கம் என்றால் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வருமோ!

குடியரசுத் தலைவர் அனுப்பிய இரண்டு படைத்தலைவர்கள் படகேறி, ஆற்றை எதிர்த்து, தாங்கள் பார்த்தறியாத மலைகளை நோக்கிப் போன கதையை நான் சொன்னால் கடைசி பெஞ்சுகூட வாயைப் பிளந்து கேட்கும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தாளே ஒரு பழங்குடிப் பெண், அவளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அவள் காட்டிய அடையாளங்கள் அவர்களுக்கு உதவின. அவளுக்கென்று கூலி எதுவும் தரவில்லை. அவர்கள் வரைந்துகொண்டு வந்த வரைபடத்தின் பின்னால் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது குடியேற்றக் கூட்டம்.

வேட்டைக்காகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறிப் போன மக்களின் பூமியை ‘ஆளில்லாத நிலம்’ என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள்... இதை மேசையைத் தட்டித் தட்டி, அநியாயம் அநியாயம் என்று நடத்தியவன் நான். கேட்கிறீர்களா? நான்தான்!

ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களைத் திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப் போவேன். பாறையில் பழங்காலக் கீறல்கள் உண்டு. முதல் தடவை வழி தெரியாமல் முள்ளில் மாட்டிக்கொண்டு திண்டாடியபோது எங்களை மேலே அழைத்துப் போனவள் பச்சையம்மா. மலையிலிருந்து சற்றுத் தள்ளி, ஓடைக்கரையில் இருந்த இருளர் குடிசைகளில் ஒன்று அவளுடையது. பிறகு எப்போது போனாலும் அவள்தான் முன்னால் நடப்பாள். எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போவாள். வகுப்பில் அந்த அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணின் கதையைச் சொல்லும்போது எனக்குப் பச்சையம்மாவின் முதுகுதான் கண்ணில் நிற்கும்.

ஒருநாள் அவள் சொன்னாள்: “அடுத்த தபா வந்தா எங்களப் பாக்க முடியாதுங்க ஐயா. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போறோம். எங்க கொலசாமி கன்னிம்மா கோவிச்சிக்கினு கடலாண்ட போயிட்டா. நாங்க போயி சமாதானம் பண்ணி கூப்ட்டுக்கினு வரணும். எம் பொண்ணுக்கும் அங்கியே தாலி கட்டறோம்.”

“எல்லாருமா போறீங்க?” என்று கேட்டேன்.

“ஒருத்தரு பாக்கியில்ல. சட்டி பானை, கோழி, நாயி அல்லாத்தையும் தூக்கிக்கினுதான் போவோம்.”

இதை நான் போய் என் மச்சானிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில், சுவாரசியமான சங்கதியாக! மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஓடைக்கரையை ஒட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லை அவருடையது. நான் குடியிருந்த வீடும் அவருடையதுதான். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “எல்லாருமா?” என்று என்னைப் போலவே கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மாசி மகத்தன்று காலையில் ஜீப் வந்து வாசலில் நின்றது. ஓடைக்கரையைத் தன் பெயருக்குக் கேட்டு மச்சான் மனு கொடுத்திருந்தாராம்; நிலம் பார்வையிட தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மச்சான் என்னைத் தனியே அழைத்தார்.

“ஜல்தியா சட்டைய மாட்டிக்கினு வாங்க மாப்ள. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். நெலையா யாரும் இல்லன்னு சொல்லுங்க, போதும். படிச்சவரு சொன்னா எடுபடும்.”

சமையலறை வாசலில் என் மனைவி நின்றாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டேன்.

ஓடைக்கரையில் ஒரு சத்தமில்லை. குடிசைகளின் படல்கள் சாத்தியிருந்தன. அதிகாரி குனிந்து ஒரு குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். பானை இல்லை, பாய் இல்லை. மூன்று கற்களுக்கு நடுவே சாம்பல் மட்டும் இருந்தது.

“சார், நீங்க இந்தப் பக்கம் அடிக்கடி வர்றவராமே. இங்க யாரனா இருக்காங்களா?”

அவர்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள், நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவார்கள்... இவ்வளவுதானே சொல்ல வேண்டும்? நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை, கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வருவாங்க, போவாங்க... நெலையா யாரும் இல்லைங்க” என்றேன்.

மறுநாளே டிராக்டர் விட்டுக் குடிசைகளைத் தள்ளிவிட்டு வேலி போட்டார்கள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் வர, கோழிக்கூடையோடு வந்த கூட்டம் வேலிக்கு வெளியே நின்றதாம். நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

என் துரதிர்ஷ்டம்... இல்லை, அவளுடைய துரதிர்ஷ்டம், பச்சையம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என் மச்சான்தான் வேலி போட்டவர் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை நம்பினாள்!

“அவரு வேற, நீங்க வேறங்க ஐயா. எவனோ படிச்சவன், அங்க யாரும் இல்லன்னு சொல்லிட்டானாம். நீங்க ஆபீசாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குத்தான் எங்களத் தெரியுமே.”

போனேன். அவளை வெளியே புளிய மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். “அன்னைக்கு நீங்க வந்தது ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு சார்” என்றார். ஜன்னல் வழியே அவள் தெரிந்தாள். உள்ளே பேச்சு நடக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் டீயைக் குடித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை!

வெளியே வந்து, “சொல்லிட்டேன்மா. பாக்கலாம்னாரு” என்றேன். முதல் பொய்க்காவது மச்சானைக் காரணம் காட்டலாம். இதற்கு யாரைக் காட்டுவேன்? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள். நீங்கள் என்னை மன்னித்துவிட்டால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிடும்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பேருந்து நிலையம் வரை கூடவே நடந்து வந்தாள். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், குடும்பத்தோடு உள்ளேயே தங்கிக்கொள்ளலாமாம் என்றாள். அப்படிப்பட்ட ஆலைகளுக்குள் போனவர்கள் முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டு சுலபத்தில் வெளியே வர முடியாது என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொன்னால், வேறு எங்கே போவது என்று கேட்பாள். அதனால் அதையும் சொல்லவில்லை.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“அந்த ஆபீசரு மறுபடி வந்து, இங்க இருந்தவங்க எங்கன்னு கேட்டாருன்னா, நாங்க அந்த மில்லுலதான் இருக்கறோம்னு சொல்லிடுங்க ஐயா. உங்களாண்ட சொல்லிட்டுப் போறேன்.”

தலையாட்டினேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடங்களில் யாரும் வந்து கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை.